பில் ஏறியது எந்த வரியில்?

போன மின்சார பில் 1,500. இந்த பில் 1,989.50. பார்த்ததும் வாயில் வருவது "கண்டபடி ஏத்திட்டாங்க" என்பதுதான். இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் கணக்குப் போட்டால், ஏற்றியவர்கள் பாதிக்குத்தான் பொறுப்பு என்று தெரியவரலாம்.

ஓர் உதாரணம். எண்களை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம். பழைய பில் 30 நாளுக்கு; 240 யூனிட், யூனிட்டுக்கு 5, நிலைக்கட்டணம் (எவ்வளவு எரித்தாலும் மாறாதது) 300. புதிய பில் 34 நாளுக்கு. 289 யூனிட், யூனிட்டுக்கு 5.50, நிலைக்கட்டணம் 400. கூடுதலாக வந்தது 489.50. இதைப் பிரிக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் நாள், பிறகு உபயோகம், கடைசியில் விலை. பழைய வேகத்தில், அதாவது நாளுக்கு 8 யூனிட் வீதம் ஓடியிருந்தால், 34 நாளில் 272 யூனிட் ஆகியிருக்கும். நாள் கூடியதால் மட்டும் 32 யூனிட், அது 160. அதற்கு மேல் வீட்டில் உண்மையிலேயே கூடுதலாக எரித்தது 17 யூனிட், அது 85. யூனிட் விலை அரை கூடியது 289 யூனிட்டுக்கும் சேர்ந்து 144.50. நிலைக்கட்டணத்தில் 100. கூட்டிப் பாருங்கள், அதே 489.50. அதிர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு வெறும் நான்கு நாள். விலையேற்றம் என்று நியாயமாகத் திட்டக்கூடியது 244.50 மட்டுமே.

இதைச் செய்யாமல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கிளம்புவதில் பயன் குறைவு. ஏறியது நிலைக்கட்டணம் என்றால், விளக்கை அணைத்து அணைத்துக் கை வலித்தாலும் அந்த 100 குறையாது.

ஒப்பிடும்போது போன மாதத்தை எடுக்காதீர்கள், போன வருடம் இதே மாதத்தை எடுங்கள். குளிரூட்டலும் வெப்பமூட்டலும் பருவத்தோடு ஆடும். இன்னும் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, படிநிலைக் கட்டணம்: உபயோகம் கூடக்கூட யூனிட் விலை படிப்படியாக ஏறும் முறை. பில் காலம் நீண்டால் படியின் எல்லையையும் அதே விகிதத்தில் நீட்டியிருக்க வேண்டும். நீட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சில கட்டண முறைகளில் எல்லையைத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் மேல்விலை. சிலவற்றில் எல்லையைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும். அங்கே ஒரே ஒரு யூனிட் பெரிய தொகையை இழுத்துக்கொண்டு வந்துவிடும். இரண்டாவது, மதிப்பீட்டு ரீடிங். மீட்டரைப் பார்க்காமல் சில மாதம் குறைவாக எழுதிவிட்டு, விலை ஏறிய பிறகு உண்மையான ரீடிங் எடுத்தால், பழைய விலையில் எரித்த யூனிட்டும் புதிய விலையில் வந்து உட்காரும். கட்டணம் மாறும் தேதியன்று மீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்தால், பிறகு கேள்வி கேட்கக் கையில் ஆதாரம் இருக்கும்.

கடைசி ஆலை வைக்கும் விலை

இப்போது யூனிட் விலைக்குள் போவோம். மின்சாரம் ஏலச் சந்தையில் விற்கப்படும் நாடுகளில், ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பல இடங்களில் ஒவ்வொரு கால் மணிக்கும், ஆலைகள் தங்கள் விலையைச் சொல்கின்றன. குறைந்த விலைக்காரரிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே போவார்கள். தேவை நிரம்பும் இடத்தில் எந்த ஆலை நிற்கிறதோ, அதன் விலையே அந்த நேரத்தில் எல்லோருக்கும். காற்றாலையும் சூரிய ஒளியும் ஏறக்குறைய சுழியத்துக்குக் கேட்டிருந்தாலும், கடைசியில் வந்து நின்ற எரிவாயு ஆலையின் விலையே அவற்றுக்கும் கிடைக்கும்.

அந்தக் கடைசி ஆலையின் கணக்கு எளிது. எரிவாயு ஆலை தான் எரிக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் மின்சாரமாக்கும். கழிவு வெப்பத்தையும் பயன்படுத்தும் நல்ல கூட்டுச்சுழற்சி ஆலை 60 சதவீதம் வரை தொடும். பாதி என்றே வைத்தால், ஒரு மெகாவாட்-மணி (1,000 யூனிட்) மின்சாரத்துக்கு இரண்டு மெகாவாட்-மணி எரிவாயு வேண்டும். எரிவாயு 20 யூரோ என்றால் எரிபொருள் செலவு மட்டும் 40 யூரோ. ஐரோப்பாவில் கரியமில வாயு விடுவதற்கான கார்பன் உரிமமும் வாங்க வேண்டும். இத்தகைய ஆலை ஒரு மெகாவாட்-மணிக்கு சுமார் 0.4 டன் கரியமில வாயு விடும். டன் 80 யூரோ என்றால் மேலும் 32. ஆக, எரிவாயு ஒரு யூரோ ஏறினால் மின்சாரம் இரண்டு யூரோ ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நெதர்லாந்தின் டிடிஎஃப் சந்தைதான் ஐரோப்பிய எரிவாயு விலைக்கு அளவுகோல். அங்கே நெடுங்காலம் 20 யூரோவை ஒட்டி நின்ற விலை 2021-ன் பிற்பாதியில் கிளம்பி, 2022 ஆகஸ்ட் இறுதியில் 300-ஐத் தாண்டியது. ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்ததும் குழாய்வழி எரிவாயு வெட்டுப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதே வருடம் பிரான்சின் அணு உலைகளில் குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டு, பல உலைகளைச் சோதனைக்கு நிறுத்தினார்கள். 2021-ல் 361 டெராவாட்-மணி (ஒரு டெராவாட்-மணி 100 கோடி யூனிட்) தந்த அந்த உலைகள் 2022-ல் 279-தான் தந்தன. வறட்சியில் நீர்மின்சாரமும் சுருங்கியது. மலிவான ஆலைகள் வரிசையிலிருந்து விலக விலக, விலையை முடிவு செய்யும் இடத்துக்கு எரிவாயு இன்னும் அதிக மணி நேரம் வந்து நின்றது. எரிவாயு மட்டும் ஏறியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஏல முறையே தப்பு, சராசரி விலை கொடுங்கள் என்று அப்போது பெரிய கூச்சல். அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் 'கேட்ட விலையே கிடைக்கும்' என்று மாற்றினால் காற்றாலைக்காரர் சுழியம் கேட்க மாட்டார்; கடைசி ஆலை என்ன கேட்கும் என்று ஊகித்து அதற்கு ஒரு காசு குறைவாகக் கேட்பார். ஐரோப்பிய ஒன்றியம் செய்தது வேறு: மலிவு ஆலைகளின் வருமானத்துக்கு மெகாவாட்-மணிக்கு 180 யூரோ என்று தற்காலிக உச்சம் வைத்து, மிச்சத்தை நுகர்வோருக்குத் திருப்பச் சொன்னது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் 2022 ஜூன் முதல் மின் ஆலைகள் எரிக்கும் எரிவாயுவுக்கே உச்சவரம்பு வைத்தன. அதனால் ஏல விலை இறங்கியது. ஆலைகளுக்கு ஈடு கொடுத்த தொகை தனியொரு இனமாக பில்லில் ஏறியது.

எரிவாயு எண்ணெய் போல உலகம் முழுக்க ஒரே விலையில் விற்கும் பண்டமல்ல. குழாய் போகாத இடத்துக்கு அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, கொள்ளளவை 600-ல் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும். அப்படிக் குளிர்வித்து ஏற்றும் நிலையம் நின்றால் சந்தை இரண்டாகப் பிளக்கும். 2022 ஜூன் 8-ல் டெக்சாஸின் ஃப்ரீபோர்ட் ஏற்றுமதி நிலையத்தில் வெடிவிபத்து நடந்தபோது, வெளியே போக வழியில்லாத எரிவாயு அமெரிக்காவில் தேங்கி அங்கே விலை விழுந்தது. அதே செய்தியில் ஐரோப்பாவில் விலை எகிறியது. எதிர்ப்பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதி தொடங்கிய பிறகு, அதுவரை உள்ளூர் விலையில் எரிவாயு வாங்கியவர்களும் உலக விலையோடு போட்டிபோட வேண்டியதாயிற்று. மண்ணுக்கடியில் எரிவாயு இருப்பதால் மட்டும் வீட்டு பில் குறையாது.

சிலிண்டர் எரிவாயுவின் பாதை தனி. அது எண்ணெய் சுத்திகரிப்பிலும் இயற்கை எரிவாயுவைப் பிரிக்கும்போதும் கிடைக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவை. ஆசியாவின் பெரும்பகுதிக்கு, சவூதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் ஒப்பந்த விலைதான் அடிப்படை. அதோடு கப்பல் வாடகை, டாலர் மாற்று விலை, உள்நாட்டு வரி. டாலர் ஏறினால், சவூதி விலை அசையாவிட்டாலும் சிலிண்டர் ஏறும்.

ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு

சந்தையில் விலை விழுந்துவிட்டது, பில் மட்டும் ஏன் இறங்கவில்லை? விற்பனை நிறுவனங்கள் அன்றாடச் சந்தையில் வாங்கி விற்பதில்லை. பல மாதங்களுக்கு முன்பே பகுதி பகுதியாக வாங்கி வைக்கின்றன. உச்சத்தில் வாங்கியது தீரும்வரை பில்லில் உச்ச விலைதான். ஒழுங்குமுறை ஆணையம் விலை வைக்கும் இடங்களில் எரிபொருள் சரிக்கட்டல் என்று பில்லில் ஓர் இனம் இருக்கும். அது போன சில மாதங்களின் செலவை இப்போது வசூலிப்பது. இந்தத் தாமதம் சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் போகும்.

முன்கூட்டி வாங்காமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. பிரிட்டனில் 2021-ன் பிற்பாதியில் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட விற்பனை நிறுவனங்கள் திவாலாயின. அவற்றின் வாடிக்கையாளர்களை மற்ற நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு எல்லோருடைய நிலைக்கட்டணத்திலும் பரப்பி வசூலிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயலின்போது மொத்த விலை மெகாவாட்-மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாட்கணக்கில் நின்றது. மொத்த விலையையே நேரடியாகக் கட்டும் திட்டத்தில் இருந்த வீடுகளுக்குச் சில நாளில் ஆயிரக்கணக்கான டாலர் பில். மலிவான மாதங்களில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே வாரத்தில் போயிற்று.

கம்பிக்கான விலை

எரிபொருள் ஏறி இறங்கும். கம்பியின் செலவு ஏறினால் பெரும்பாலும் ஏறியதுதான். மின்மாற்றி, கேபிள், துணை மின்நிலையம் எல்லாம் உச்சத் தேவைக்கு ஏற்ற அளவில் கட்டப்படுகின்றன. வருடத்தின் 8,760 மணி நேரத்தில் நூறு மணி நேரம் மட்டுமே அந்த உச்சம் வந்தாலும், கட்டியதற்கான கடனை முழு வருடமும் அடைக்க வேண்டும். கம்பியில் வெப்பமாகப் போகும் இழப்பும் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் கூடும்; ஓட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. மாலை ஏழு மணி யூனிட்டும் நள்ளிரவு யூனிட்டும் மீட்டரில் ஒன்றுதான், செலவில் ஒன்றல்ல.

வட்டியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கம்பி, காற்றாலை, சூரியப் பலகை, அணு உலை எல்லாமே முதலில் பணத்தைக் கொட்டி பிறகு மெல்ல எடுக்கும் தொழில். 25 வருடத் தவணையில் 100 கடனுக்கு 3 சதவீத வட்டியில் வருடத் தவணை 5.74, அதுவே 8 சதவீதத்தில் 9.37. ஒரு கம்பியும் கூடவில்லை, ஒரு யூனிட்டும் கூடவில்லை, தவணை மட்டும் 63 சதவீதம் ஏறிவிட்டது. 2022-க்குப் பிறகு பல நாடுகளில் வட்டி ஏறியது பில்லில் இப்படித்தான் நுழைகிறது.

புதிய தேவையும் சேர்கிறது. அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் நகருக்கும் மின்கட்டமைப்பை நடத்தும் பிஜேஎம், உச்ச நேரத்தில் மின்சாரம் தரத் தயாராக இருப்பதற்கென்றே ஆலைகளுக்கு ஏலத்தில் பணம் தருகிறது. 2024/25-க்கு ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலராக இருந்த அந்த விலை, 2025/26-க்கு 269.92 ஆனது. தரவு மையங்களின் தேவை எதிர்பார்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். பழைய ஆலைகள் மூடப்படுவதும், ஏலத்தின் கணக்கு விதிகள் மாறியதும் மற்றவை.

நிலையான செலவை யூனிட்டுக்கு வகுத்து வசூலித்தால், எல்லோரும் சிக்கனமாக இருக்க இருக்க யூனிட்டுக்கான பங்கு கூடும். கூரையில் பலகை போட்டவர் கம்பிச் செலவில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள, போட முடியாத வாடகைக்காரர் அதைச் சுமப்பார். அதனால்தான் பல நாடுகளில் நிலைக்கட்டணத்தை ஏற்றுகிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் குறைவாக எரிக்கும் ஏழை வீட்டுக்கு இதில்தான் அடி அதிகம்.

உச்சவரம்பு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2022 அக்டோபருக்கு வீட்டு மின்சாரம், எரிவாயுவுக்கு அறிவிக்கப்பட்ட உச்சவரம்பு ஆண்டுக்கு 3,549 பவுண்டு. அரசு தலையிட்டு அதை 2,500-க்கு இறக்கியது. எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் வராது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான். அந்த ஆண்டுத் தொகை சராசரி வீட்டுக்கான உதாரணக் கணக்கு.

எந்த வரிக்கு எந்த வைத்தியம்

நிலைக்கட்டணம் ஏறியிருந்தால், இணைப்பின் கொள்ளளவைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட கிலோவாட் அல்லது கேவிஏ (ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு) அடிப்படையில் கட்டணம் உள்ள இடங்களில், தேவைக்கு மேல் வாங்கி வைத்திருப்பது சாதாரணம். பிரான்சில் 6, 9, 12 கேவிஏ என்று படிகள் உண்டு. ஸ்பெயினில் 2021 ஜூன் முதல் உச்ச நேரத்துக்கு ஒரு கொள்ளளவும் மற்ற நேரத்துக்கு வேறொன்றும் வாங்கலாம். குறைப்பதற்கு முன் ஸ்மார்ட் மீட்டரில் ஒரு முழு வருடத்தின் உச்சத் தேவையைப் பார்த்துவிடுங்கள். ஒரு மாதத்தைப் பார்த்து முடிவெடுத்தால், ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஒன்றாக ஓடும் நாளில் மெயின் விழும்.

யூனிட் விலை ஏறியிருந்தால் முதல் வேலை வீட்டின் அடிச்சுமையை, அதாவது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் உபயோகத்தை, அளப்பது. இரவு எல்லாவற்றையும் நிறுத்தியதாக நினைத்த பிறகு மீட்டரில் துடிக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 1000 துடிப்பு, 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வந்ததை இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட விநாடிகளால் மறுபடி வகுத்தால் வாட். 1000 துடிப்பு மீட்டரில் 36 விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் 100 வாட். எப்போதும் ஓடும் ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு 8.76 யூனிட், ஆக அந்த 100 வாட் 876 யூனிட். ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடும்போது அளந்து பயந்துவிடாதீர்கள். அது நின்ற பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும்.

அடுத்தது வெந்நீர். ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி. 50 லிட்டரை 15-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2.6 யூனிட். இது இயற்பியல், கம்பியைச் சூடாக்கும் எந்த நிறுவனத்தின் ஹீட்டராலும் குறைக்க முடியாது. குறைவான நீர், குறைவான நேரம், இவைதான் வழி. சேமிப்புத் தொட்டியின் வெப்பத்தை 60-க்குக் கீழே இறக்கி மிச்சம் பிடிக்காதீர்கள், லெஜியனெல்லா கிருமி வளரும். தொட்டியில்லாத எரிவாயு பாய்லராக இருந்தால், அறைகளைச் சூடாக்கப் போகும் நீரின் வெப்பத்தை 75-லிருந்து 60-க்கோ அதற்கும் கீழோ இறக்கலாம். திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தை விடும். 'கண்டென்சிங்' பாய்லர் வாங்கி 80 டிகிரியில் ஓட்டுவது, காசு கொடுத்து வாங்கியதைப் புகைபோக்கி வழியே விடுவது.

எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு மாறலாமா என்பதற்கு இரண்டு வகுத்தல் போதும். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுக்கும் வெப்பப் பம்பு ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் தருகிறது, பாய்லர் 90 சதவீதம் தருகிறது என்றால், மின் யூனிட் விலை எரிவாயு யூனிட் விலையைப் போல 3.3 மடங்குக்குக் கீழே இருக்கும்வரை பம்பு லாபம். இது ஓட்டும் செலவின் கணக்கு மட்டும். கடுங்குளிரில் அந்த மூன்று இரண்டாகவும் இறங்கும். அடுப்புக்கு: ஒரு கிலோ சிலிண்டர் எரிவாயுவில் சுமார் 12.8 யூனிட் வெப்பம், பாத்திரத்துக்குப் போவது பாதி. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போகும். ஆக ஒரு கிலோவுக்கு ஈடு ஏறக்குறைய 7.5 மின் யூனிட். கிலோ விலை யூனிட் விலையைப் போல ஏழரை மடங்குக்கு மேல் என்றால் இண்டக்‌ஷன் மலிவு. யூனிட் விலையாக வைக்க வேண்டியது சராசரியை அல்ல, நீங்கள் நிற்கும் கடைசிப் படியின் விலையை.

வாங்கவே கூடாதவை இரண்டு. பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று விற்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டர்தான். அது பவர் ஃபேக்டரை, அதாவது எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதத்தை, தொடலாம்; ஆனால் வீட்டு மீட்டர் பொதுவாகக் கிலோவாட்-மணியை, அதாவது யூனிட்டை, மட்டுமே எண்ணுகிறது. இன்னொன்று 'சிக்கன' அறை ஹீட்டர். கம்பியைச் சூடாக்கும் எந்த ஹீட்டரும், எண்ணெய் நிரப்பியதோ பீங்கானோ, ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும்.

நேரத்துக்கு ஒரு விலை உள்ள கட்டணத்துக்கு மாறுவது, தள்ளிப்போடக்கூடிய சுமை நிறைய இருப்பவர்களுக்குத்தான்: மின்கார் சார்ஜர், சேமிப்பு வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம். மாலையில் ஏசி ஓடியே தீர வேண்டிய வீட்டுக்கு அது நஷ்டம். மாறினால் டைமரில் கவனம் வேண்டும். பேட்டரி இல்லாத, சக்கரம் சுழலும் டைமர் மின்தடையில் நின்றுபோய், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மூன்று மணி நேரம் மின்சாரம் போயிருந்தால், மாலை 4 மணிக்கு ஓட வேண்டிய ஹீட்டர் அன்றிலிருந்து 7 மணிக்கு, உச்ச விலையில் ஓடும். வெந்நீர் எப்படியும் வந்துவிடுவதால், அடுத்த பில் வரும்வரை அது யார் கண்ணிலும் படாது.